மந்தையை விற்கத் தூங்கிய மத்தியானம்

ஊர்ப் பொது நிலத்தை விற்க வேண்டுமானால் ஊர் முதலில் ஒன்றாகத் தூங்கி எழ வேண்டும் என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. சிரிக்காதீர்கள். அந்தத் தூக்கத்துக்குச் சாட்சியாக ஊர் ஊராகப் போய்த் தூங்கிவிட்டு வருவதுதான் அரசாங்கம் எனக்குக் கொடுத்திருக்கும் உத்தியோகம். தூங்கியே சம்பளம் வாங்குகிறாள் என்று என் நாத்தனார் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒருநாள் என்னோடு வந்து ஏதாவது ஓர் ஊரோடு தூங்கிப் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு வாரத்துக்கு அவளுக்குப் பேச்சு வராது.

உடையங்கிணற்றுக்கு நான் போனது சித்திரை வெயிலில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கரிசல் மண்ணின் வெக்கை முழங்கால்வரை ஏறியது. தூரத்து வீடுகள் தண்ணீருக்குள் நிற்பதுபோல மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. இப்போது நினைத்தாலும் அந்த ஊர் எனக்கு அந்த ஆட்டத்தோடுதான் நினைவுக்கு வருகிறது. அன்று எதுவரை விழித்திருந்தேன், எங்கிருந்து தூங்கினேன் என்று திட்டமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோளில் தூக்கப் பெட்டி தொங்கியது. அரசாங்கம் அதற்கு வைத்திருக்கும் நீளமான பெயர் யார் வாயிலும் நுழைவதில்லை. தையல் மிஷினின் தலை அளவுக்குத்தான் இருக்கும், ஆனால் நல்ல கனம்.

ஊராட்சிக் கட்டடத்து வாசலில் வெள்ளை வேட்டியும் பருத்த உடம்புமாக ஒருவர் கைகூப்பி நின்றார்.

"வாங்க மேடம், வாங்க. வெயிலுக்கு மோரு குடிக்கிறீகளா, எளநி வெட்டச் சொல்லட்டுமா?"

"தலைவரைப் பாக்கணும்."

"நாந்தான் மேடம்."

கையிலிருந்த உத்தரவைப் பார்த்தேன். "மாரிக்கனின்னு போட்டிருக்கே?"

"அது எம் வீட்டுக்காரி. எம் பேரு தவசிமுத்து. ரெண்டும் ஒண்ணுதான மேடம்," என்று வெள்ளந்தியாகச் சிரித்தார்.

இந்த 'ரெண்டும் ஒண்ணுதான'வை நான் போகிற ஊரிலெல்லாம் கேட்டாயிற்று. விற்பனைக்குக் கையெழுத்துப் போடும் தலைவர் கட்டாயம் அந்தத் தூக்கச் சபையில் தூங்க வேண்டும் என்பது சட்டம். தூங்கினால் ஊர் மொத்தமும் சேர்ந்து காணும் ஒரே கனவில் அவர் மனசிலிருப்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் முதல் வருடம் கமிஷன் வாங்கிய தலைவர்கள் கொத்துக் கொத்தாக மாட்டினார்கள். ஓர் ஊரில் தலைவர் கனவுக்குள் வரும்போதே தலையில் ஒரு புது ஃபிரிட்ஜைச் சுமந்துகொண்டு வந்தார். இறக்கி வைக்க எவ்வளவோ பார்த்தார், அது இறங்குவதாக இல்லை. இரண்டாம் வருடம் எல்லாருக்கும் புத்தி வந்துவிட்டது. ஒன்றும் தெரியாத ஆளைத் தலைவராக்கிவிட்டு, தெரிந்த ஆள் விழித்திருந்தால் காரியம் முடிந்தது. மாவட்டம் முழுக்கப் பெண் தலைவர்கள் பெருகினார்கள். பெண்கள் முன்னேறிவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. எனக்கு வயிறு எரிந்தது.

தவசிமுத்து என்னை மந்தைக்குக் கூட்டிப் போனார். ஊருக்குத் தெற்கே கம்மாய்க் கரையை ஒட்டி விரிந்து கிடந்தது ஊர் ஆடுமாடுகள் மேயும் அந்தப் பொது நிலம். அங்கங்கே உடைமரங்கள், அவற்றின் கொஞ்ச நிழலை நெருக்கியடித்துப் பங்கிட்டுக்கொண்ட ஆடுகள். அதற்கப்பால் எதுவும் இல்லை, காற்று மட்டும் தன்பாட்டுக்குத் தூசியைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. பகலில் சேரும் சூரிய மின்சாரத்தைப் பிடித்து வைத்து இரவில் ஊர்களுக்குத் தரும் கிடங்கு ஒன்றைக் கட்ட ஒரு கம்பெனி அந்த மந்தையைக் கேட்டிருந்தது. மந்தை முழுக்கக் குழி தோண்டித் தொட்டிகளை மண்ணுக்குள் இறக்குவார்களாம்.

"ஊருக்கு நல்லது மேடம். பள்ளிக்கூடம் இடிஞ்சு கெடக்கு, அதக் கட்டிரலாம். இது சும்மா கெடக்குற எடந்தான?"

"நீங்க இன்னிக்கு சபையில தூங்குறீங்களா?"

"நான் எதுக்கு மேடம்? தலைவி அவதான?" அன்றைக்கு முதல்முறையாக மனைவியைத் தலைவி என்று ஒப்புக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது மேடம். பச்ச மண்ணு. கம்பெனிக்காரவுக பேச வந்தா அவள அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டுருவேன். நீங்க எங்கிட்டுப் பாத்தாலும் ஒண்ணும் இருக்காது."

இந்த ஆள் நன்றாக வாங்கியிருக்கிறார் என்று எனக்கு அப்போதே பட்டது. பட்டு என்ன பயன்? விழித்திருப்பவரை என் பெட்டி ஒன்றும் செய்யாது.

கட்டடத்துக்குப் பின்பக்கம் கல்லடுப்பு மூட்டிச் சமையல் நடந்தது. பசித்த வயிற்றோடு படுத்தால் கனவு கூடுவதில்லை என்பதால் சபைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு உண்டு. நாலைந்து பெண்கள் அப்பளம் பொரிப்பதும் இலை அறுப்பதுமாக இருக்க, பெரிய உருளியில் பருப்புப் பாயாசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தவள்தான் தலைவி. தன் சபைக்குத் தானே சமைக்கும் தலைவியை நான் பார்ப்பது அதுதான் முதல்முறை. மாரிக்கனி என்னைப் பார்த்ததும் கரண்டியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கை கழுவ வருவதுபோல் தொட்டிப் பக்கம் வந்தாள்.

"மேடம், அந்தப் பொட்டி என்னதான் செய்யும்? அவுகள்ட்ட கேட்டா ஒனக்கெதுக்குங்குறாக."

"ஒரு கூரைக்குக் கீழ தூங்குறவங்க கனவை எல்லாம் ஒண்ணா சேத்துடும். எந்த நிலத்தைப் பத்திப் பேச்சோ, அந்த நிலத்துல போய் எல்லாரும் நிப்பீங்க. அதைப் பத்தி யாருக்கு என்ன தெரிஞ்சிருந்தாலும் அது அங்க கண்ணுக்குத் தெரியும். பெட்டிக்குச் சேக்கத்தான் தெரியும், பாக்கத் தெரியாது. அதுக்குத்தான் நான். நானும் உங்களோட தூங்கி, பாத்ததை எழுதி, எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவேன்."

"மறைக்க முடியாதா?"

"முழிச்சிருக்கும்போது மறைக்கலாம். தூக்கத்துல யாராலயும் முடிஞ்சதில்ல."

"ஒருத்தரு மறந்துபோச்சுன்னு சொன்னா?"

"மறந்துபோச்சுன்னு சொல்றவங்க நிறையப் பேரு மறந்திருக்க மாட்டாங்க."

அவள் தொட்டித் தண்ணீரில் கையை விட்டபடி நின்றாள். கழுவவில்லை.

"மூத்தவனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பெறந்துச்சு மேடம். பொட்டப்புள்ள. ஒரு பகல் இருந்துச்சு, பொழுது சாயப் போயிருச்சு. எங்க ஊர்ல பேரு வைக்காத பிள்ளைய மந்தையிலதான் அடக்குவாக. கல்லு நட மாட்டாக. பெத்தவளுக்கு எடத்தயும் சொல்ல மாட்டாக. சொன்னா அங்கனயே போயி உக்காந்துக்கிருவாளாம், அடுத்த பிள்ள தங்காதாம். அவுகதான் துண்டுல சுத்தித் தூக்கிட்டுப் போனாக. எங்கன்னு அப்பக் கேட்டேன், சொல்லல. நாலு வருசங் கழிச்சுக் கேட்டேன், மறந்துபோச்சுன்னாக. ஆட்டப் பத்திக்கிட்டு மந்தைக்குப் போற அன்னைக்கெல்லாம், காலுக்கடியில இருக்குமோ, இந்தா இங்கன இருக்குமோன்னு பாத்துப் பாத்து நடப்பேன். இப்ப அதத் தோண்டப் போறாக. தோண்டுறதுக்கு முன்னாடி எடத்தத் தெரிஞ்சுக்கிட்டாப் போதும் மேடம். வேற ஒண்ணும் வேண்டாம்."

"அவர் தூங்கப் போறதில்லையேம்மா."

"அந்த நாக்காலியில உக்காந்து அவுக தூங்காத கூட்டம் ஒண்ணு காட்டுங்க பாப்போம்," என்றாள் மாரிக்கனி. "தலைவர் நாக்காலியில நான் ஒருநாளும் உக்காந்ததில்ல. அவுக உக்காராத நாளும் இல்ல. அரைக் கூட்டத்துக்கு மேல கண்ணத் தொறந்து வச்சதுங் கெடையாது."

அவளுடைய திட்டம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பெட்டி ஓடும்போது உள்ளே யார் தூங்கினாலும் கனவில் வந்தே தீர்வார். ஆனால் அவளை எச்சரிக்காமல் விட்டால் பாவம்.

"அவர் தூங்கினா மந்தையைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சது எல்லாமே வரும். பிள்ளை மட்டும் தனியா வராது. கம்பெனிக்காரங்ககிட்ட எதையாச்சும் வாங்கியிருந்தா அதுவும் ஊரே பாக்க வந்து நிக்கும். நான் எழுதியாகணும். விற்பனை ரத்தாகும், உங்க பதவி போகும், அவர் மேல கேஸும் வரும். யோசிச்சுக்கோங்க."

மாரிக்கனி அடுப்படிக்குத் திரும்பிக் கரண்டியை வாங்கினாள். உருளிக்குள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாயாசத்துக்கு இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்தவா மேடம்?" என்றாள்.

சாப்பாடு பிரமாதம். நான் சாப்பிட்ட சபைச் சாப்பாடுகளிலேயே அதற்குத்தான் முதலிடம். தவசிமுத்து பந்தியை மேற்பார்வை பார்த்து, எல்லாருக்கும் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று போடச் சொல்லி, கடைசியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். பாயாசம் மட்டும் மூன்று தரம் வாங்கினார். அதன்பிறகு மண்டபத்தில் கோரைப்பாய்களை விரித்து ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் படுத்தார்கள். ஜன்னல்களுக்கு ஈரச் சாக்கு கட்டியிருந்தது. காற்றாடிகள் சுற்றின. மாரிக்கனி முதல் வரிசையில், புடவைத் தலைப்பைக் கன்னத்துக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில், மேடை மேல், கைப்பிடியும் மெத்தையும் வைத்த அந்த நாற்காலி. அதில் தவசிமுத்து.

"சார், தூங்காதவங்க வெளிய வேப்பமரத்தடியில இருக்கணும். அதான் விதி."

"இது தலைவர் நாக்காலி மேடம். ஊரு படுத்திருக்கும்போது நான் எந்திரிச்சு வெளிய போனா நல்லாவா இருக்கும்? பயப்படாதீக. எனக்குப் பகல்ல தூங்குற பழக்கமே கெடையாது."

இன்னொரு முறை சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார், நல்ல மனுஷன்தான். நான் சொல்லவில்லை. மாரிக்கனிக்காகத்தான் சொல்லவில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அந்த ஆள் தலையில் எத்தனை ஃபிரிட்ஜ் இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பெட்டியைத் திருகிவிட்டு, என் பாயில் படுத்துக் கண்ணை மூடினேன். கடைசியாகக் கேட்டது காற்றாடியின் சத்தம். அதற்கு மேலே மெதுவாக, கரகரவென்று, மேடையிலிருந்து ஒரு குறட்டை எழும்பியது.

கனவில் மந்தைக்கு வெயில் இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது. பாலாடை போல் ஒரு வெளிச்சம், யாருக்கும் நிழல் விழவில்லை. ஊர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது. படுத்தபோது இருந்த புடவைகளிலும் கைலிகளிலும்தான் வந்தார்கள், ஆனால் கால்கள் மண்ணை அழுத்தாமல், தண்ணீரில் நடப்பதுபோல நடந்தார்கள்.

அப்புறம் மந்தை நிறையத் தொடங்கியது. எப்போதோ விற்கப்பட்டும் வெட்டப்பட்டும் போன ஆடுகள் திரும்பி வந்து மேய்ந்தன, சொந்தக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஒருவர் சின்னப் பையனாகச் சைக்கிளிலிருந்து விழுந்துகொண்டே இருந்தார், கூட நின்ற அவருடைய அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தார். கழிப்பறைகள் கட்டாத காலத்தில் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஒதுங்கப் போகும் கிழக்கு மூலையில், காற்றே முணுமுணுப்பாக இருந்தது. வீட்டுக்குள் சொல்ல முடியாததையெல்லாம் அங்கேதான் சொல்லியிருக்கிறார்கள். ஆண்கள் அந்தப் பக்கம் போகக் கூச்சப்பட்டுத் திரும்பி நின்றார்கள். வார்டு மெம்பர் சீனிராசு நின்ற இடத்தில் திடீரென்று மண் இறங்கி இடுப்பளவுக்கு ஒரு பள்ளம் ஆனது. வீடு கட்ட அவர் யாருக்கும் தெரியாமல் அள்ளிய மண். அவர் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டு மூடப் பார்க்க, ஊரே சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிலத்தைப் பற்றிய கனவில் நிலம் மட்டுமா வரும்? ஓர் ஊரில் இப்படித்தான் ஒரு கல்யாணமே நின்று போனது. ஆனால் இங்கே அப்போதுவரை எல்லாம் இதமாகவே இருந்தது.

மாரிக்கனி யாரையும் பார்க்கவில்லை. ஊர் வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவசிமுத்து வந்தார். ஊர் பேச்சை நிறுத்திவிட்டு அவர் தலையைப் பார்த்தது, கைகளைப் பார்த்தது, மடியைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு, செருப்பில்லாமல், பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த குழந்தைபோல வந்தார். கூட்டத்தைக் கண்டதும் திகைத்துத் திரும்பப் பார்த்தார், ஆனால் கால்கள் அவரை முன்னே கொண்டு போயின. தூரத்தில் தெரியும் ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் அம்மன் கோயில் வேம்பும் ஒன்றின் பின்னால் ஒன்று மறைகிற இடத்துக்கு வந்ததும் நின்றார். அந்த இடத்தில் மரமோ கல்லோ எதுவும் இல்லை. அப்படி நின்று பார்த்துத்தான் இத்தனை வருடமும் அடையாளம் வைத்திருந்திருக்கிறார். அடிக்கடி வந்து நின்றிருக்கிறார் என்பதும் எங்களுக்குத் தெரிந்தது. கனவில் அது யாரும் சொல்லாமலே தெரியும்.

அவரைச் சுற்றி மண்ணிலிருந்து ஒரு கம்பி வேலி முளைத்தது. இரண்டு செண்டு இருக்கும். வேலிக்கு வெளியே மழுங்கிய முகத்தோடு ஒரு கம்பெனிக்காரர் நின்று சொன்னார்: "மொத்த விலையில கொஞ்சம் கொறைச்சுப் பேசி முடிச்சுக் குடுங்க. இதை மட்டும் விட்டுட்டு, உங்க வீட்டம்மா பேர்ல பதிஞ்சு தந்துடுறோம்."

அவ்வளவுதான் அவர் வாங்கியது. ஊரின் முகத்தில் கோபம் வர வேண்டிய இடத்தில் கோபம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. மாரிக்கனி வேலிக்குள் போனாள். கம்பி அவளைத் தடுக்கவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்தாள். அழவில்லை. ரொம்ப நாள் கழித்து வீடு வந்து சேர்ந்தவள் போல இருந்தது அவள் முகம்.

அப்போதுதான் மற்றது நடந்தது. கூட்டத்திலிருந்து ஒரு மனிதர் விலகி நடந்தார். மேற்கே ஓரிடத்தில் போய்த் தலையைக் குனிந்து நின்றார். அவர் பின்னால் இன்னொருவர், ஓடைப் பக்கம். பிறகு ஒரு கிழவர், யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்டக் கம்மாய்க் கரைவரை. மந்தை எங்கும் ஆண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் வீட்டுக்காரர் நிற்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். இத்தனை வீட்டிலும் இது உண்டு என்று ஒரு வீட்டுக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது.

நடுவில் ஒரே ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். இருளாயி என்று பேர் என்பது எழுந்த பிறகு தெரிந்தது. புருஷன் செத்து நாளாகிறது. அவளுக்குப் போய் நிற்க ஆள் இல்லை. அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வேலிக்கு வெளியே நின்றாள்.

"எம்புள்ளைக்கு வேலி எங்க கொழுந்தனாரே?" என்று கேட்டாள்.

தவசிமுத்து வேலிக்குள்ளேயே அங்குமிங்கும் திரும்பினார், வெளியே வரத் தெரியவில்லை. அந்தத் திணறலில்தான் அவர் விழித்திருக்க வேண்டும். பால் வெளிச்சம் கலைந்தது, காற்றாடிச் சத்தம் மறுபடி கேட்டது.

சபை எழும்போது வழக்கமாக ஒரே இரைச்சலாக இருக்கும். யார் என்ன சுமந்து வந்தார், யார் முகம் கறுத்தது என்று கதை பறக்கும். உடையங்கிணற்றில் யாரும் பாயைவிட்டு எழவே இல்லை. படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கண்ணோரமாகத் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. நாற்காலியில் தவசிமுத்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மாரிக்கனி எழுந்து உட்கார்ந்து கூந்தலை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

நான் பேனாவைத் திறந்தேன். கமிஷனைப் பிடிக்க ஆசைப்பட்டு வந்தேன், பிடித்தும்விட்டேன். ஆனால் கை ஓடவில்லை. அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"ஒண்ணும் தெரியலைன்னு எழுதிடவா? உங்க எடம் உங்க பேருக்கே வந்துடும். இவங்க முகத்தைப் பாத்தா யாரும் புகார் சொல்றதாத் தெரியல." என் உத்தியோக வாழ்க்கையில் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

மாரிக்கனி மண்டபத்துக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"எழுதுங்க மேடம். ஊருக்கு வரவேண்டிய வெலையக் கொறச்சு, தலைவி வீட்டுக்காரரு தலைவி பேர்ல ரெண்டு செண்டு வாங்கப் பாத்தாருன்னு எழுதுங்க. மத்தவுக பிள்ளைகளத் தோண்டுறதுக்கு விட்டுட்டு எங்க பிள்ளைக்கு மட்டும் வாங்குனாருன்னும் எழுதுங்க."

"மாரி..." தவசிமுத்து கையை முகத்திலிருந்து எடுத்தார். "ஒனக்காகத்தான? என்னைக்காச்சும் ஒன்னயக் கூட்டிட்டுப் போயி, இந்தா நம்ம எடம், இங்கன உக்காருன்னு சொல்லணும்னுதான் செஞ்சேன்."

"தெரியுது. பாத்தேன்ல?" அவள் முடிந்த கூந்தலை இன்னும் இறுக்கினாள். "இந்த எடத்த எனக்கு அன்னைக்கே காட்டியிருந்தா, மந்தைய விக்கிற பேச்ச நான் எடுக்கவே விட்டுருப்பனா? அதான காட்டல? வாங்குறதுக்கு முன்னாடி காட்ட வேண்டியதுதான?"

அவர் மேடையிலிருந்து இறங்கி, பாய்களுக்கு நடுவே, ஊரோடு ஊராகத் தரையில் உட்கார்ந்தார். நான் எழுதினேன். எழுதியதை வாசித்தேன். விற்பனை ரத்து என்று நான் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை, வருத்தப்படவும் இல்லை. பள்ளிக்கூடம்? என்று ஒருவர் மட்டும் கேட்டார். அதற்கு வேற வழி பாப்போம் என்று மாரிக்கனி சொன்னாள். தலைவியாக அவள் சொன்ன கடைசி வார்த்தையாக அது இருக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் பஸ் ஏற்றிவிட அவளே என்னோடு வந்தாள். மந்தை வழியாகத்தான் நடந்தோம். வெக்கை தணிந்து, மண் வெதுவெதுப்பாக இருந்தது. தூரத்தில் தவசிமுத்து இருளாயியைக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அவள் புருஷன் பிள்ளையை அடக்கப் போனபோது துணைக்குப் போனது அவர்தானாம். இங்கே நிற்பார், தொட்டியைப் பார்ப்பார், நாலடி தள்ளிப் போவார், வேம்பைப் பார்ப்பார். இருளாயி பொறுமையாகப் பின்னாலேயே போனாள். மற்ற இடங்களிலும் ஆட்கள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இன்னும் முழிப்பு வரவில்லையோ என்று சந்தேகமாக இருந்தது.

"அவர் மேல கோபமா?" என்று கேட்டேன்.

"கோவந்தான். கேசுன்னு அலையட்டும். சோறு கட்டிக் குடுத்து நானுங் கூடப் போவேன்."

அந்த இடம் வந்தது. அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. தொட்டி வேம்புக்குப் பின்னால் மறைந்தது. ஓர் ஆட்டுக்குட்டி அங்கே துள்ளிக்கொண்டிருந்தது. அவள் அதை விரட்டவில்லை.

"பதிவு கெடக்கட்டும். இப்ப எடம் தெரிஞ்சுபோச்சு. ஒரு கல்லு நட்டு, சுத்தி நாலு முள்ளாச்சும் வெட்டிப் போட்டு வைக்கலாமே? அதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க," என்றேன்.

மாரிக்கனி மந்தையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வேண்டாம் மேடம். ஒத்தையில கெடக்குதேன்னுதான் இம்புட்டு வருசமா எனக்கு மனசு ஆறல. இன்னைக்குத்தான பாத்தேன், சுத்தி எத்தன பிள்ளைக! நான் வேலி போட்டா அதுகளோட இது எப்பிடி வெளாடும்?"